பதினாலு தலை

வீடு,
புதன்கிழமை காலை.

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

நானும் உங்கப்பாவும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, பெரியவள், சின்னவன் நாலு பேரும் சுகம்தானே என்று அடுத்த வரியைக் கை தானாக எழுதிவிடும், எத்தனையோ வருஷமாக யாருக்குக் கடிதம் எழுதினாலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், பதிலுக்காகக் காத்திருந்ததில்லை. இன்றைக்கு அதை நிஜமாகவே கேட்கிறேன் பாப்பா, நாலு பேரும் சுகம்தானா? எனக்குப் பயமாக இருக்கிறது. போனில் கேட்டால் "எல்லாரும் நல்லா இருக்கோம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய், உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "போதும் விடு, அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்று கையை ஆட்டுகிறார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தை நீ பாதியில் வைத்தாலும் அது மேசைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். உங்கப்பா முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், அந்த சலூன்காரரிடம் உட்கார்ந்தால் உலகத்து நியாயமெல்லாம் பேசி முடிய இரண்டு மணி நேரமாகும், அதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும். முப்பத்தெட்டு வயசுக்காரியை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிறேனே என்று சிரிக்காதே, சிரித்தாலும் பரவாயில்லை, நீ சிரித்துக் கேட்டு நாளாயிற்று.

நீ அனுப்பிவைத்த சுற்றுலாவுக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை வீடு வந்து சேர்ந்தோம். எப்படிம்மா இருந்தது என்று கேட்டாய், ரொம்ப நல்லா இருந்தது என்று சொன்னேன். அது பொய். முழுப்பொய் இல்லை, ஏழு நாளில் மூன்று நாள் நன்றாகவே இருந்தது, மீதி நாலு நாளைச் சொல்லாமல் விழுங்கிவிட்டேன். நல்லா இருக்கோம் என்று சொல்வதற்கு உனக்கு மட்டும்தான் தெரியுமா, எனக்கும் தெரியும், உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தானே. பிள்ளைகளின் பள்ளிக்கூட லீவுக்கு நீங்கள் நாலு பேரும் இங்கே வருவதாக இருந்தது, மேல் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, உங்கப்பா சின்னவனுக்காக ஒரு குட்டை மேசைகூடச் செய்து வைத்திருந்தார். பிறகு நீ வரமுடியாது என்றாய், ஒரு வாரம் கழித்து "நீங்களாவது கடற்கரைப் பக்கம் போய்ச் சுத்திப் பாருங்க, நான் ஏற்பாடு பண்ணிட்டேன்" என்று டிக்கெட்டை அனுப்பினாய். ஊரே மெச்சியது. முட்டி ஆபரேஷன் முடிந்து ஊன்றுகோலோடு நடக்கும் உன் சித்தி வந்து "இப்படி ஒரு பொண்ணு யாருக்குக் கிடைக்கும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது, வரவேண்டிய பிள்ளை வராமல் நம்மை வேறு திசையில் அனுப்பிவைக்கிறாளே என்று.

முதல் மூன்று நாள் வெள்ளைக்காரர்கள் கட்டிய பழைய துறைமுக ஊரில் தங்கினோம். தெருவெல்லாம் கோடு போட்டதுபோல நேராகப் போய்க் கடலில் முடிகிறது, எந்த முக்கில் நின்றாலும் கோடியில் ஒரு துண்டுக் கடல் தெரியும். மஞ்சள் சுவர், இரண்டு ஆள் உயரக் கதவு, மாடியில் இரும்புக் கிராதி. எங்களுக்குக் கொடுத்த அறையும் அப்படி ஒரு வீட்டு மாடிதான், ஒரு காலத்தில் சுங்க அதிகாரி குடியிருந்ததாம், கூரை அவ்வளவு உயரம், மின்விசிறியின் காற்று கட்டிலுக்கு வந்து சேர்வதற்குள் களைத்துப்போகிறது. கடலோரத்தில் வரிசையாகப் பீரங்கிகள் நிற்கின்றன, ஒன்றின் வாய்க்குள் குருவி கூடு கட்டியிருந்தது. நாற்பது வருஷம் கதவும் ஜன்னலும் செய்த தச்சரைக் கூட்டிக்கொண்டு அந்த மாதிரி ஊருக்குப் போகவே கூடாது பாப்பா. உங்கப்பா பீரங்கியையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை, ஒவ்வொரு வாசலிலும் நின்று நிலையைத் தட்டி, கீலைத் தடவி, "இது நூத்தம்பது வருஷத்துத் தேக்குடி" என்று எனக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தார். ஒரு வீட்டுத் தெரு ஜன்னலில் பலகைத் தகடுகள் ஏறி இறங்கும் விதம் பிடித்துப்போய், யார் வீடு என்றுகூடப் பார்க்காமல் கொண்டியை நெம்பிச் சட்டென்று திறந்துவிட்டார், உள்ளே பல் டாக்டர் ஒருவர் கொறடும் கையுமாக நிற்கிறார், நாற்காலியில் இருந்தவர் வாயைப் பிளந்தபடியே அலறினார். உங்கப்பா அசரவே இல்லை, "கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு மறுபடி சாத்தினார். நான் வெட்கத்தில் அடுத்த தெருவுக்கே போய்விட்டேன். இதையெல்லாம் எழுதும்போது சிரிப்பு வருகிறது, அதனால்தான் அந்த மூன்று நாள் நன்றாக இருந்தது என்றேன். ஒரே ஒரு இடம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, கடலில் காணாமல் போனவர்களுக்கென்று ஒரு கல்லறைத் தோட்டம், பெயர் செதுக்கிய கல் இருக்கிறது, கீழே ஒன்றும் இல்லை. உடம்பு கிடைக்காதவர்களாம். நான் உள்ளே போகாமல் கேட்டிலேயே நின்றுகொண்டேன்.

சுற்றுலா வேனில் எங்களையும் சேர்த்துப் பதினாலு பேர். கூட்டிப்போன வழிகாட்டிப் பெண் உன்னைவிடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள், ஓடியாடி வேலை செய்கிறவள், வாய் நிறையப் பேச்சு, ஆனால் ஆள் எண்ணுவதில் மட்டும் சுத்த மோசம். முதல் நாளே கலங்கரை விளக்கத்தில் இரண்டு பேரை விட்டுவிட்டு வேனைக் கிளப்பச் சொன்னாள், நான்தான் நிறுத்தி "பன்னெண்டுதான் இருக்கு, ரெண்டு குறையுது" என்றேன். அன்றிலிருந்து அவளுக்கு அது சௌகரியமாகப் போயிற்று, "நம்ம ஆயாம்மா எண்ணிட்டாங்களா? அப்ப எடுங்கண்ணா" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு ஏறிக்கொள்வாள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும். இருபத்தேழு வருஷம் ஸ்கூல் பஸ்ஸில் ஆயாவாக இருந்தவள், ஒரு பிள்ளையைக்கூடத் தொலைத்தது கிடையாது. உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன், முதல் வருஷம் தொலைக்கப் பார்த்தேன். சாயங்காலம் பஸ்ஸை நிறுத்துவதற்கு முன்னால் திரும்பிப் பார்த்து எண்ணினேன், எல்லோரும் இறங்கியாயிற்று, கடைசி சீட்டில் மட்டும் ஒரு பை, வேறு ஒன்றும் இல்லை என்று கீழே இறங்கிவிட்டேன். டிரைவர் பையை எடுக்கப் போனவர் சீட்டுக்கு அடியில் சுருண்டு தூங்கிய யு.கே.ஜி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் என்னைத் திட்டவில்லை, "கண்ணால எண்ணாதீங்கம்மா, கையால எண்ணுங்க" என்றார். அன்றிலிருந்து ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை, ஒவ்வொரு தலையையும் தொட்டுத்தான் எண்ணுவேன். தொட்டால் தலை சுடுகிறதா, முகம் வாடியிருக்கிறதா, அழுதிருக்கிறதா எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். ஆனால் சுற்றுலா வேனில் வளர்ந்தவர்கள் தலையைத் தொட முடியுமா? பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், தலைக்குப் புதுசாகச் சாயம் பூசிக்கொண்டு வந்திருந்தார், அவர் தலையில் கை வைத்தால் கையைக் கழுவ வேண்டுமா, அவரைச் சமாதானம் செய்ய வேண்டுமா என்றே தெரியாது. அதனால் மரியாதைக்கு முன்னால் நின்று விரலைக் காற்றில் ஆட்டி எண்ணினேன். அந்த ஸ்கூல் பஸ் டிரைவர் சொன்னது மறந்துபோயிற்று.

மூன்றாம் நாள் சாயங்காலம் அறையில் உட்கார்ந்து போனில் நீ அனுப்பிய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அனுப்பினாயே, பூங்காவில் பெரியவளும் சின்னவனும் ஊஞ்சல் பக்கத்தில், "நேத்து எடுத்ததும்மா" என்று எழுதியிருந்தாய். அதில் சின்னவன் ஈயென்று சிரிக்கிறான், மேல் வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை, ஓட்டை. இந்த வருஷ ஆரம்பத்தில் கடைசியாக முகம் பார்த்துப் பேசினபோது அந்த ஓட்டையில் முளைத்த புதுப் பல்லை அவன் போனில் ஒட்டி ஒட்டிக் காட்டினான், மறந்துவிட்டாயா? முளைத்த பல் எப்படி மறுபடி உள்ளே போகும் பாப்பா? ஆயிரம் பிள்ளைகளின் பல் விழுந்ததையும் முளைத்ததையும் பார்த்தவளிடம் பழைய படத்தை அனுப்பினால் தெரியாதா? அதற்குப் பிறகு நீ ஒரு தடவைகூட முகத்தைக் காட்டிப் பேசவில்லை, நெட் சரியில்லை, கேமரா ரிப்பேர், குழந்தைகள் தூங்கறாங்க, இப்படி ஏழு மாதம் ஓடிவிட்டது. அந்தப் படத்தை உங்கப்பாவிடம் காட்டினேன், பார்த்தார், அவருக்கும் தெரிந்தது, தெரிந்ததால்தான் கோபம் வந்தது, "அவ பெரியவளாயிட்டா, அவ குடும்பத்தை அவ பார்த்துப்பா, நீ ஏன் பூதக்கண்ணாடி வச்சுப் பார்க்கறே" என்று சொல்லிவிட்டுக் காது மிஷினைக் கழற்றி மேசையில் வைத்தார். அது அவர் வழக்கம், பிடிக்காத பேச்சு வந்தால் மிஷினைக் கழற்றிவிடுவார், அதற்குப் பிறகு நான் சுவரோடுதான் பேச வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் வந்தது, "காதைக் கழட்டி வச்சுட்டு நிம்மதியா இருங்க, இனிமே உங்க மூஞ்சியிலயே முழிக்கலை" என்றேன். அவர் காதில் அது விழுந்திருக்காது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அந்த ஊரை விட்டு ஆற்று முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போனார்கள், ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பெரிய அலையாத்திக் காடு. வேனில் நான் முன் சீட், அவர் கடைசி சீட், இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம். படகில் ஏறும் முன் எல்லோருக்கும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார்கள், போட்டவுடன் பதினாலு பேரும் ஒரே ஆளாகிவிட்டோம், தலை மட்டும்தான் வேறு. அப்போதும் அவர் அதன் கொக்கியை மாட்டத் தெரியாமல் தடுமாறினார், எத்தனையோ கதவுக்குக் கொண்டி வைத்தவருக்குப் பிளாஸ்டிக் கொக்கி வராது, நான் முகத்தைப் பார்க்காமல் மாட்டிவிட்டுப் போய் முன்னால் உட்கார்ந்தேன். காடு அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். மரமெல்லாம் சேற்றில் கால் ஊன்றி நிற்கிறது, வேர்கள் விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன, நண்டுகள் ஓடுகிற சத்தம்கூடக் கேட்கிற அமைதி. கடைசியில் கடல் வாயருகே ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டார்கள். தண்ணீர் வடிந்திருக்கும்போது மட்டும் தெரிகிற திட்டு அது, கடல் ஏற ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்தில் முங்கிவிடும், அரை மணிக்குள் எல்லாரும் திரும்பி வந்துடணும் என்று படகுக்காரர் இரண்டு தடவை சொன்னார். இன்னொரு படகில் வேறு ஒரு கூட்டமும் வந்து இறங்கியிருந்தது, அவர்களுக்கும் அதே ஆரஞ்சு ஜாக்கெட்.

அரை மணி முடிவதற்குள் காற்று மாறிவிட்டது. படகுக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார், எல்லோரும் ஓடி வந்து ஏறினார்கள். வழிகாட்டிப் பெண் என்னைப் பார்த்தாள். நான் முன்னால் நின்று விரலை ஆட்டி எண்ணினேன். கடைசிப் பலகையில் ஒரு நரைத்த தலை கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தது, உங்கப்பா உட்கார்ந்து வந்த அதே இடம், அவருக்கு இருக்கிற அதே வழுக்கை. ஓகோ, இன்னும் கோபம் தணியலையா, இருக்கட்டும் என்று அந்தத் தலையையும் எண்ணிவிட்டு வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தேன். என்னைச் சேர்த்துப் பதினாலு. "பதினாலும் சரி, எடுங்க" என்று நான்தான் சொன்னேன் பாப்பா. என் வாயால் நானே சொன்னேன். இருபது நிமிஷம், அந்தப் படகுத்துறை வரைக்கும், ஒரு தடவைகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கி எல்லோரும் ஜாக்கெட்டைக் கழற்றினார்கள், இவருக்குத்தான் கொக்கி வராதே, என்னதான் சண்டை என்றாலும் அதை நான்தானே கழற்ற வேண்டும் என்று போய்க் கையை வைத்தேன். அந்த ஆள் திரும்பினார். வேறு முகம். எனக்கு அந்த முகத்தை இப்போதும் எழுதத் தெரியவில்லை, நல்ல மனிதர்தான், பயந்துபோய் "என்னம்மா?" என்று கேட்டார். இன்னொரு கூட்டத்துக்காரர், அவர்கள் படகு திட்டின் மறுபக்கத்தில் நின்றதாம், இது கிட்டே நின்றதால் மனைவியிடம் கையைக் காட்டிவிட்டு இதில் ஏறிவிட்டாராம், எல்லாம் ஒரே துறைக்குத்தானே வருகிறது என்று. அந்தப் பக்கம் அவரைத் தேடவில்லை, இந்தப் பக்கம் உங்கப்பாவைத் தேடவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது.

வழிகாட்டிப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள், மேனேஜர் யாருக்கோ போன் போட்டு இங்கிலீஷில் சத்தம் போட்டார், படகுக்காரர் ஒருவர்தான் உடனே கயிற்றை அவிழ்த்தார். "நீங்க இங்க இருங்கம்மா, நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்றார், நான் அதற்கு முன்பே படகில் உட்கார்ந்திருந்தேன், எப்படி ஏறினேன் என்று தெரியாது. போகிற வழியெல்லாம் அந்தக் கல்லறைத் தோட்டம்தான் கண் முன்னால் நின்றது, பெயர் இருக்கிறது, கீழே ஆள் இல்லை. நேற்று இனிமேல் உங்கள் முகத்தில் முழிக்கமாட்டேன் என்றேனே, என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. படகுக்காரரிடம் இன்னும் வேகமா, இன்னும் வேகமா என்று கெஞ்சினேன், அவர் "இதுக்கு மேல இஞ்சின் தாங்காதும்மா" என்றார். கடல் வாயருகே வந்தபோது மணல் திட்டையே காணோம். நான் நிஜமாகவே அலறிவிட்டேன். பிறகுதான் அவர் கையை நீட்டிக் காட்டினார், தண்ணீருக்கு நடுவில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி. திட்டின் கோடியில் ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் பழைய மரப்படகு ஒன்று பாதி புதைந்து கிடந்திருக்கிறது, விலா எலும்பு மாதிரி கட்டைகள் நீட்டிக்கொண்டு. அதில் ஒரு கட்டையின் மேல் உங்கப்பா நின்றுகொண்டிருந்தார், தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது, ஒரு கையில் செருப்பு, இன்னொரு கை கட்டையைப் பிடித்தபடி. கடல் காற்று மிஷினுக்குள் ஊளையிடுகிறது என்று கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அந்தப் படகைப் பார்க்கப் போயிருக்கிறார், ஹாரன் காதில் விழவே இல்லை. தூக்கி ஏற்றியதும் முதலில் என்ன சொன்னார் தெரியுமா, "அந்தப் படகுல ஒரு இரும்பு ஆணிகூட இல்லடி, எல்லாம் மர ஆணி" என்றார். சொல்கிறபோது தாடை தடதடவென்று ஆடியது. நான் அவர் தலையைத் தொட்டேன். ஈரமாக, சில்லென்று இருந்தது. கையை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "கோபத்துல வேணும்னே விட்டுட்டுப் போயிட்டியோன்னு நினைச்சேன்" என்றார். நாற்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவர் அப்படி நினைத்திருக்கிறார். முந்தின நாள் நான் சொன்னது மிஷின் இல்லாமலே அவர் காதில் விழுந்திருக்கிறது. கூப்பிடலியா, கத்தலியா என்று கேட்டேன், "உடனே கத்தினேன், எதிர்க்காத்து, உங்களுக்குக் கேக்கலை" என்றார்.

மீதி மூன்று நாள் பெரிய நகரத்துக் கடற்கரைகள். அகலமான மணல், ராட்டினம், பலூன், குதிரை, ஊரே அங்கேதான் இருக்கிறது. உனக்காகக் கால் நனைத்துப் படம் எடுத்து அனுப்பினேனே, அதில் நான் சிரிப்பதைப் பார்த்து நம்பியிருப்பாய். உண்மையில் அவர் சட்டை நுனியை ஒரு விரலில் சுற்றிக்கொண்டுதான் மூன்று நாளும் நடந்தேன், அவர் கடலைப் பார்த்து ஒரு அடி வைத்தால் பின்னால் இழுத்துவிடுவேன். அவரும் என் கையை உதறவில்லை, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடை போட்டிருக்கிறவர்களின் மரப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை காணாமல் போன பிள்ளைகளைச் சொல்கிறார்கள், சிவப்புச் சட்டை, நாலு வயது, அம்மா அப்பா எங்கிருந்தாலும் உடனே வரவும். ஒவ்வொரு தடவையும் சட்டை நுனியை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். அங்கே நிற்கும்போதுதான் நீ கூப்பிட்டாய். வழக்கம்போலப் படம் இல்லை, குரல் மட்டும். "நாங்க நாலு பேரும் நல்லா இருக்கோம்மா" என்றாய். கேட்டவுடன் எனக்குப் படகில் நான் சொன்னது காதில் விழுந்தது, பதினாலும் சரி, எடுங்க.

இதுதான் பாப்பா என் பயம், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். ஏழு மாதமாக வாரா வாரம் நீ எண்ணிக்கை சொல்கிறாய், நான் சரி சரி என்று போனை வைக்கிறேன், ஒரு தடவைகூட முகத்தைப் பார்க்கவில்லை. நாலு என்கிறாயே, அதில் யார் முகம் இல்லை? மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறாரா இல்லையா? உடம்புக்கு முடியாமல் யாராவது படுத்திருக்கிறீர்களா? இல்லை, உன் முகத்தில்தான் நான் பார்க்கக் கூடாதது ஏதாவது இருக்கிறதா? கடைசியில் கேட்டதை எழுதக்கூடாது என்றுதான் நினைத்தேன், இருந்தாலும் எழுதிவிட்டேன், கேட்காமல் இருப்பதுதான் பெரிய பாவம் என்று அந்தத் திட்டில் தெரிந்துகொண்டேன். நாலு மூன்றாகியிருந்தால் மூன்று என்று சொல், யார் மேல் தப்பு என்று நான் கேட்கமாட்டேன், உன் சித்தியிடம் மூச்சு விடமாட்டேன். இங்கே மேல் அறை அப்படியேதான் இருக்கிறது, குட்டை மேசையும் இருக்கிறது. தொட்டு எண்ண முடியாத தூரத்தில் இருக்கிறாய், அதற்கு நான் என்ன செய்ய, அதனால்தான் முகத்தையாவது காட்டு என்கிறேன். அழுத முகமாக இருந்தாலும் சரி, தலை வாராமல் இருந்தாலும் சரி.

வேறு என்ன எழுத. பெரியவளைக் குளிரில் ஈரத்தலையோடு வெளியே விடாதே. சின்னவனுக்குப் புதுப் பல், பென்சிலைக் கடிக்கவிடாதே. நீ வெறும் வயிற்றில் காபி குடித்துவிட்டு மத்தியானம் வரைக்கும் ஓடாதே, குரலே களைப்பாக இருக்கிறது. வெளிக்கதவுக்கு உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது, எந்தத் தண்ணீரில் நின்றாலும் கால் வழுக்காமல் நீ கரையேற வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆயுசும் சேர்த்து நன்றாக இருக்க வேண்டும். ஞாபகம் வைத்துக்கொள், இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே கூப்பிட வேண்டும், படத்தோடு, ஒவ்வொருவராக.

உன் தலையைத் தொட்டுப் பார்க்கத் தவிக்கும்,
அம்மா.

உறை ஒட்டப் போகும்போது உங்கப்பா வந்து நின்றுவிட்டார், சலூனில் இன்றைக்குக் கூட்டமாம். மறைக்க முடியவில்லை, நின்றபடியே முழுக்கப் படித்தார். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். காதில் செருகியிருந்த தச்சுப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கீழே இருப்பது அவர் எழுதினது.

பாப்பா, உடனே கத்தினேன் என்று அம்மாவிடம் சொன்னது பொய். மேட்டில் ஏறிப் பார்த்தபோது படகு கிளம்பியிருந்தது, ஆனால் பக்கத்தில்தான் இருந்தது, அப்போது ஒரு சத்தம் கொடுத்திருந்தால் திரும்பியிருக்கும். வெட்கமாக இருந்தது. இந்த வயதில் தொலைந்துபோய்விட்டேன் என்று எப்படிக் கத்துவது, அவர்களாகவே பார்த்துத் திரும்புவார்கள் என்று சும்மா நின்றேன். தண்ணீர் கணுக்காலுக்கு வந்த பிறகுதான் கத்தினேன், அதற்குள் படகு தூரம் போய்விட்டது. நீ அந்த மாதிரி நிற்காதே. இப்போதே கத்து. மிஷின் காதில்தான் இருக்கிறது, கழற்றமாட்டேன்.

அப்பா.